ஞாயிற்றுக்கிழமை பிடித்தது, திங்கட்கிழமை விட்டது: வீட்டில் பேட்டரி பேக் கட்ட ஸ்பாட் வெல்டர் வாங்கிய கதை

யார், எதற்காக

பல்லடத்துக்கு வெளியே ஒரு சிற்றூர். அங்கே மோட்டார் ரீவைண்டிங் வேலை செய்கிற ஒருவர், வயது ஐம்பதைத் தாண்டியவர். பெயர் வேண்டாம். நேரில் நான் அண்ணன் என்று கூப்பிடுவதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். உதவிக்கு அவருடைய தங்கை மகன், பாலிடெக்னிக் மாணவன். நான் திருப்பூரில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். முதல் பேக் பழுதான பிறகுதான் இதற்குள் வந்தேன். அதற்கு முன் நடந்ததெல்லாம் அவர்கள் இருவரும் சொல்லக் கேட்டது.

அண்ணன் தினமும் பட்டறைக்குப் போக 11 கிலோமீட்டர், வர 11 கிலோமீட்டர். சாதாரண சைக்கிளில் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) கிட் மாட்டி ஓட்டுகிறார். கிட்டோடு வந்த 36 வோல்ட் பேட்டரி மூன்றாம் வருடம் படுத்துவிட்டது. புதிது வாங்குகிற விலையைக் கேட்டதும், "நாமளே கட்டிக்கலாமுங்க" என்று முடிவு செய்துவிட்டார். கணக்கு எளிது. 18650 என்கிற உருளை வடிவ லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட். பத்தை வரிசையாக இணைத்தால் 36 வோல்ட். 2,500 மில்லி ஆம்பியர் மணி செல்லில் நாலு நாலாகப் பக்கவாட்டில் சேர்த்தால் 10 ஆம்பியர் மணி. ஆக 40 செல், 360 வாட் மணி. கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு வாட் மணி செலவு என்று வைத்தாலும் முப்பது கிலோமீட்டர் வரும். போய் வந்து மிச்சமும் இருக்கும்.

செல்லையும் நிக்கல் பட்டையையும் எப்படி ஒட்டுவது என்பதுதான் கேள்வி. ஈயப்பற்று வைக்கலாம் என்பதுதான் அண்ணனுக்கு முதலில் தோன்றியது. நாற்பது வருடக் கை, பற்று வைத்தால் முத்து மாதிரி நிற்கும். ஆனால் சால்டரிங் அயர்ன் முனை 350 டிகிரி வரை போகும். செல்லுக்குள் இருக்கும் பாலிஎத்திலீன் தடுப்புப் படலம் 130 டிகிரி சுமாருக்கே உருகத் தொடங்கிவிடும். பற்று பிடிக்க அயர்னை வைத்திருக்கும் இரண்டு மூன்று நொடியில் எவ்வளவு சூடு உள்ளே இறங்கியது என்று வெளியிலிருந்து தெரியாது. ஸ்பாட் வெல்டிங்கில், அதாவது இரண்டு முனைகளைப் பட்டைமேல் அழுத்தி ஒரு கணம் பெரிய கரண்ட் விட்டு ஒட்டுவதில், சூடு மில்லி நொடிக் கணக்கில் வந்து போய்விடும். கை வைத்துப் பார்த்தால் செல் குளிர்ந்தே இருக்கும். இதைத் தங்கை மகன்தான் எடுத்துச் சொல்லியிருக்கிறான்.

எதை வாங்குவது

நாலு வழிகளை யோசித்தார்கள். கோயம்புத்தூரில் செல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒட்டித் தருகிற கடைகள் உண்டு. அண்ணன் அதைக் காதில் வாங்கவே இல்லை.

பழைய மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து நாமே செய்வது இரண்டாவது வழி. இரண்டாம் சுற்றை வெட்டி எடுத்துவிட்டு, தடித்த கேபிளை இரண்டு சுற்று சுற்றினால் இரண்டு வோல்ட் சுமாருக்கு நூற்றுக்கணக்கான ஆம்ப்ஸ் கிடைக்கும். ரீவைண்டிங்காரருக்கு இது விளையாட்டு. மைக்ரோவேவை அணைத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட் வரை தங்கியிருக்கலாம், ஆளையே கொன்றுவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் இதை விட்டதற்குக் காரணம் வேறு. "சுத்தறது எனக்கு அஞ்சு நிமிச வேலைங்க தம்பி. கரண்ட விடறதும் நிறுத்தறதும்தான் கஷ்டம்." இதை ரொம்பச் சரியான பேச்சு என்றே இப்போதும் நினைக்கிறேன். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அரை அலைக்கு 10 மில்லி நொடி. ஒட்டுக்கு வேண்டியது அப்படி ஒன்றிரண்டு அரை அலைதான். அதைக் கையால் சுவிட்ச் போட்டு எடுக்க முடியாது. சர்க்யூட் வேண்டும்.

மூன்றாவது, கார் பேட்டரியில் ஓடும் சின்ன மாஸ்ஃபெட் போர்டு (மாஸ்ஃபெட் என்பது கரண்டை விட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் சுவிட்ச்). இருப்பதிலேயே விலை குறைந்தது. நாலாவது, வீட்டுக் கரண்டில் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. டிஸ்பிளே, கால் மிதி எல்லாம் இருக்கும், விலை போர்டைப்போல ஏழெட்டு மடங்கு. ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அது அவர்கள் கண்ணில் படவில்லை, பிறகு வருகிறேன்.

போர்டு போன விதம்

விலையைப் பார்த்துப் போர்டையே முதலில் வாங்கினார்கள். கூட வந்த கேபிள் ஒரு முழம்கூட இல்லை. குனிந்து வேலை செய்ய முதுகு வலிக்கிறது என்று அண்ணன் ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டருக்கு நீட்டிவிட்டார். தடித்த கேபிள், நல்ல லக், சுத்தமான கிரிம்ப். வீட்டு வயரிங்கில் இது தப்பே இல்லை.

இங்கே தப்பு. நூற்றுக்கணக்கான ஆம்ப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மாஸ்ஃபெட் சட்டென்று கரண்டை வெட்டினால், நீளமான கேபிளில் தேங்கிய சக்திக்குப் போக இடம் இல்லை. வோல்டேஜ் எகிறி மாஸ்ஃபெட்டைத்தான் தாக்கும். கேபிள் நீளமானால் அடி பெரிதாகும். கொஞ்ச ஒட்டுகள் நன்றாக வந்தன. பிறகு ஒரு ஒட்டில் வெல்டர் முனைகளை வைத்ததுமே பட்டை சிவந்தது. தங்கை மகன் மிதியிலிருந்து காலை எடுத்தும் கரண்ட் நிற்கவில்லை. மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும், அதாவது கரண்டை விட்டபடியே நிற்கும். அவன் கையை உதறிக்கொண்டு முனைகளைத் தூக்கிய பிறகுதான் அடங்கியது. பட்டையில் மிளகு அளவுக்கு ஓட்டை, அடியில் செல்லின் தகடு நீலம் பாய்ந்து கிடந்தது.

நல்லவேளை, அது பழைய பேக்கிலிருந்து எடுத்த செத்த செல். புது செல்லைத் தொடும் முன் செத்த செல்லில் பழகுவோம் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்ததால் தப்பித்தார்கள். அந்தச் செல்லை எடுத்து வைத்திருக்கிறார். நானும் பார்த்தேன்.

பெட்டி வந்தது

அடுத்து டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. பாதுகாப்பானது, கரண்ட் தானாக நிற்கும், பிளக்கில் செருகினால் போதும் என்பது கணக்கு. ஹாலில் இருந்த 6 ஆம்ப் பாயிண்டில் செருகி மிதித்ததும் எம்.சி.பி. (பிரேக்கர்) விழுந்தது. இது எதிர்பார்க்க வேண்டியதுதான். முனையில் 6 வோல்ட், 800 ஆம்ப்ஸ் என்றால் 4,800 வாட். 230 வோல்ட் பக்கத்தில் அது 20 ஆம்ப்ஸைத் தாண்டும். சில மில்லி நொடிக்குத்தான் என்றாலும் சின்ன பிரேக்கர் தாங்காது. கிரைண்டருக்குப் போட்டிருந்த 16 ஆம்ப் பாயிண்டுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் டியூப்லைட் மட்டும் ஒருமுறை கண் சிமிட்டியது. அந்தச் சிமிட்டலை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செத்த செல்லில் பத்துப் பதினைந்து ஒட்டுகள் போட்டுப் பார்த்து, டிஸ்பிளே எண்ணை 45-இல் நிறுத்தினார்கள். 0.15 மில்லிமீட்டர் கனம், 8 மில்லிமீட்டர் அகலம் உள்ள நிக்கல் பட்டை. நோஸ் பிளேயரால் இழுத்தால் பட்டை கிழிந்து, ஒட்டின பொட்டு மட்டும் செல்லிலேயே நின்றது. நல்ல ஒட்டுக்கு இதுதான் அடையாளம். அன்றைக்கே பேக்கின் ஒரு பக்கத்தை முடித்தார்கள், 40 செல் முனைகள். மதியம் விருந்தாளி வந்ததால் நிறுத்திவிட்டு, மறுபக்கத்து 40 முனைகளைத் திங்கட்கிழமை பட்டறையிலிருந்து வந்த பிறகு போட்டார்கள். எண் அதே 45. திங்கட்கிழமை செத்த செல்லில் பழகிப் பார்க்கவில்லை. "நேத்து செட் பண்ணினதுதானுங்களே."

பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்து, எதாவது ஒன்று தீர்ந்தால் கரண்டை வெட்டும் போர்டு) பொருத்தி, நீல ஷ்ரிங்க் உறை சுற்றி, பேக் சைக்கிளில் ஏறியது.

மூன்றாம் வாரம்

இரண்டு வாரம் குறையில்லை. மூன்றாம் வாரம் ஒரு நாள் மாலை, திரும்பி வரும்போது, புறப்பட்டு நாலு கிலோமீட்டரில் ஒரு மேட்டில் மோட்டார் செத்தது. மிதித்தே வீடு வந்தார். ராத்திரி சார்ஜ் போட்டார், முழுதாக ஏறியது. பத்து வரிசைகளையும் (பக்கவாட்டில் சேர்ந்த நாலு செல் ஒரு வரிசை) தங்கை மகன் மல்டிமீட்டரில் பார்த்தான், எல்லாம் 4.18, 4.17. குறை எதுவும் தெரியவில்லை. அடுத்த நாளும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. அப்போதுதான் எனக்கு போன் வந்தது.

பி.எம்.எஸ். கெட்டுவிட்டது என்று அண்ணன் முடிவு கட்டியிருந்தார். புதிதுக்கு ஆர்டரும் போட்டாகிவிட்டது. சார்ஜ் ஏறியதும் பார்த்தால் பத்தும் ஒன்றுபோல் இருக்கிறது, பிறகு வேறு எது காரணம் என்பது அவர் கேள்வி. நான் ஒன்றே ஒன்று சொன்னேன். முழு சார்ஜில் பார்க்க வேண்டாம், நின்ற இடத்தில் பாருங்கள். மறுநாள் தங்கை மகன் பைக்கில் பின்னால் போய், சைக்கிள் நின்ற இடத்திலேயே, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் பி.எம்.எஸ்.ஸுக்குப் போகும் சென்ஸ் வயர்களில் மீட்டரை வைத்தான். ஒன்பது வரிசைகள் 3.6 சுமார். ஏழாவது மட்டும் 3.1, அதுவும் கரண்ட் நின்று கொஞ்சம் எழும்பிய பிறகு.

இதன் பொருள் இதுதான். ஏழாவது வரிசையின் நாலு செல்லில் இரண்டு கழன்றிருந்தால் அந்த வரிசைக்குப் பாதிக் கொள்ளளவுதான். மற்றவை பாதி தீரும்போது இது முழுக்கத் தீர்ந்துவிடும், பி.எம்.எஸ். வெட்டிவிடும். திரும்ப சார்ஜ் போட்டால் எல்லா வரிசைக்கும் ஒரே அளவு கரண்ட்தான் ஏறுகிறது. மற்றவற்றின் காலிப் பாதியும் இதன் முழுக் கொள்ளளவும் ஒரே அளவு என்பதால் எல்லாம் ஒன்றாகவே நிரம்பும். அதனால்தான் ராத்திரி மீட்டரில் பத்தும் ஒன்றுபோல் நின்றன. முப்பதில் பாதி பதினைந்து கிலோமீட்டர். பதினொன்றும் நாலும் பதினைந்து. சைக்கிள் நின்ற இடமே விடையைச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 15 ஆம்ப்ஸ் இழுக்கும் மோட்டார் கன்ட்ரோலருக்கு நாலு செல் கொடுக்க வேண்டியதை இரண்டு செல் கொடுத்துக்கொண்டிருந்தன. கழன்ற செல் குலுக்கலில் திரும்பத் தொட்டால், வேறு வோல்டேஜில் இருக்கும் பக்கத்துச் செல்லுக்குக் கரண்ட் பாயும். ஓட்டுவதை அன்றோடு நிறுத்தச் சொன்னேன்.

பிரித்துப் பார்த்தது

பேக்கை நடு சார்ஜுக்கு இறக்கி, பி.எம்.எஸ். வயர்களைக் கழற்றி, வாசல் திண்ணையில் வைத்துப் பிரித்தோம். மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றியாகிவிட்டது. அண்ணனுக்குக் கையில் செப்புக் காப்பு உண்டு, அது கழலவில்லை. அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றினோம்.

ஏழாவது வரிசையில் இரண்டு செல்களில் பட்டை நகத்தால் நெம்பியதுமே எழுந்துவிட்டது. அடியில் குழியோ கிழிசலோ எதுவும் இல்லை. பளபளப்பான தகட்டில் ஆறு மங்கலான புள்ளிகள், பென்சிலால் தொட்டு வைத்த மாதிரி. நிக்கல் உருகிக் கலக்கவே இல்லை, சூடாகி மேலோடு ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்தப் பக்கம் முழுக்கப் பிளேயரால் இழுத்ததில் 40 முனைகளில் 11 லேசாகவே பிரிந்தன. மறுபக்கத்தில் மூன்று இடத்தில் இழுத்தோம். பட்டைதான் கிழிந்தது, ஒட்டு விடவில்லை. மற்ற முனைகளைத் தட்டையான பிளாஸ்டிக் முனையால் நெம்பினோம். எதுவும் அசையவில்லை.

நான் முதலில் சந்தேகப்பட்டது பட்டையை. நிக்கல் முலாம் பூசிய இரும்புப் பட்டையை நிக்கல் என்று விற்பவர்கள் உண்டு. காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள், இரண்டும் ஒட்டும். கிரைண்டரில் தேய்த்தால் இரும்பு பொறி கக்கும், நிக்கல் கக்காது. ஒரு துண்டைச் சுரண்டி உப்புத் தண்ணீரில் ராத்திரி போட்டு வைத்தோம், காலையில் துரு இல்லை. சுத்த நிக்கல்தான். யோசித்தால் இந்தச் சந்தேகமே தப்பு: இரும்புக்கு மின்தடை அதிகம், சூடு சுலபமாக ஏறும், ஒட்டு இன்னும் நன்றாகத்தான் வந்திருக்கும். துரு பிடிப்பதும் கரண்ட் ஓடும்போது சூடாவதும் வேறு பிரச்சினைகள்.

வெல்டரின் முனையா? உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கிப் போட்டோம், பெரிய வித்தியாசம் இல்லை. செல்லின் பாசிட்டிவ் மூடிக்கும் நெகட்டிவ் அடித்தகட்டுக்கும் சூடு பிடிப்பதில் வேறுபாடு இருக்குமோ என்று தங்கை மகன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் இந்தப் பேக்கில் வரிசைக்கு வரிசை செல் தலைகீழாக நிற்பதால் இரண்டு பக்கத்திலும் இரண்டு வகையும் பாதிப்பாதி. பிரிந்த பதினொன்றிலும் இரண்டு வகையும் இருந்தன.

எஞ்சியது நாள்தான். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அண்ணன் எழுதி வைத்திருந்தார்: ஒரு பக்கம் ஞாயிறு காலை, மறுபக்கம் திங்கள் மாலை.

தறிக்குடோன்

அண்ணன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி விசைத்தறிக் குடோன். அந்தச் சத்தத்திலேயே வாழ்கிறவர்களுக்கு அது காதிலேயே விழாது. எனக்கு விழுந்தது. குடோனுக்கு ஞாயிறு விடுமுறை. வீடுகளுக்கும் குடோனுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர், வீடு லைனின் கடைசியில். தறிகள் ஓடினால் வீட்டில் வோல்டேஜ் இறங்கும்.

அந்த மாலையே 16 ஆம்ப் பாயிண்டில் மீட்டரை வைத்தோம். 194 வோல்ட். பிறகு வந்த ஞாயிறு காலை தங்கை மகன் அளந்து அனுப்பியது 228. ஒட்டில் பிறக்கும் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 194-ஐ 228-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.72. நாலில் ஒரு பங்குக்கும் மேல் சூடு போய்விட்டது. டிஸ்பிளேயில் இருந்த 45 எதையும் அளந்து சொல்வதில்லை, திருகின் இடத்தை மட்டும்தான் காட்டுகிறது. வோல்டேஜ் குறைந்தாலும் அது 45 என்றேதான் காட்டும். ஸ்பாட் வெல்டர் வாங்குகிறவர்கள் எத்தனை ஆம்ப்ஸ், எத்தனை வாட் என்று கேட்கிறார்கள். உள்ளே போனது எவ்வளவு என்று கருவிக்குத் தெரியுமா என்பதை யாரும் கேட்பதில்லை. அண்ணன் கேட்கவில்லை, அவர் இடத்தில் நானும் கேட்டிருக்க மாட்டேன்.

என்ன செய்தோம், ஏன்

மாலையில் எண்ணைக் கூட்டி வைக்கலாம் என்றான் தங்கை மகன். நடுவில் குடோனில் தறிகள் நின்றால் வோல்டேஜ் ஏறும். கூட்டி வைத்த எண்ணில் முழு வோல்டேஜ் வந்தால் தகடு ஓட்டையாகும். வேண்டாம் என்றோம். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் இந்த இழுப்பைத் தாங்காது. வீட்டு இன்வெர்ட்டர் 900 வி.ஏ., வெல்டர் கேட்பது அதைப்போல ஐந்து மடங்கு. சர்வோ ஸ்டெபிலைசர் மோட்டார் சுற்றித் திருத்துவதற்குள் ஒட்டு முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். ஆனால் 194-ஐ 230-ஆக முன்கூட்டியே தூக்கி வைக்கும் என்று அண்ணன் வாதாடினார். அது சரிதான், விலைதான் இடித்தது.

நான் சொன்னது முன்பு விட்ட ஐந்தாவது வழி. ஜெர்மனியில் செய்கிற கேவெல்ட் மாதிரியான கருவி. லித்தியம் பேக், கெப்பாசிட்டர் அல்லது கார் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும், வீட்டு லைனைத் தொடாது. முனைகளில் போகும் வோல்டேஜையும் கரண்டையும் அளந்து, நாம் சொன்ன ஜூல் அளவு (ஒட்டுக்குள் போகும் சக்தியின் அளவு) போனதும் வெட்டிவிடும். பேட்டரி இறங்கினால் அதற்கேற்ப நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். வீட்டில் கட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது இப்போதும் என் கருத்து.

அண்ணன் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை காலைல கரண்டு நல்லாத்தான இருக்குதுங்க. ஒரே ஒரு பேக்குக்கு எதுக்குங்க தம்பி இன்னொரு மெசினு?"

பதில் சொல்ல முடியவில்லை. அவர் வழியிலேயே போனோம். திங்கட்கிழமைப் பக்கத்தின் பட்டைகளை முழுக்க எடுத்தோம், பிடித்திருந்த 29 முனைகளிலும். செல்லில் நின்ற பொட்டுகளைச் சின்ன அரத்தால் நீவி, புது ஒட்டு பழைய இடத்தில் விழாதபடி தள்ளிக் குறித்தோம். பிடுங்கும்போது இரண்டு செல்லின் தகட்டில் குழி ஆழமாகிவிட்டது. அண்ணன் பயன்படுத்தலாம் என்றார், நான் விடவில்லை, அவை ஒதுங்கின. அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தோம். சுவரில் மீட்டர் செருகியபடியே இருந்தது. 220-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்பது பேச்சு. பத்து முனைக்கு ஒருமுறை செத்த செல்லில் ஒரு ஒட்டு, பிளேயரால் ஓர் இழுப்பு. மதியத்துக்குள் முடிந்தது. மீட்டர் 224-க்குக் கீழே போகவில்லை.

பிறகு

ஒன்பது மாதம் ஆகிறது. மாதம் ஒருமுறை, வீடு திரும்பியதும் சார்ஜ் போடும் முன் பத்து வரிசைகளையும் அளக்கிறார்கள். மேலே கீழே 0.02 வோல்ட் வித்தியாசம்தான். ஆர்டர் போட்ட புது பி.எம்.எஸ். பிரிக்காமலே அலமாரியில் இருக்கிறது.

மறுபடி செய்வதானால் மாற்ற வேண்டியவை எவை என்று மூவரும் பேசினோம். போர்டின் கேபிளை நீட்டியிருக்கக் கூடாது என்பதில் தகராறு இல்லை. பெட்டிக்குப் பணம் கட்டும் முன் வீட்டு வோல்டேஜை ஒரு வாரம், காலை மாலை எழுதிப் பார்த்திருக்க வேண்டும் என்றான் தங்கை மகன். என் குறை வேறு: திங்கட்கிழமை உட்கார்ந்ததும் செத்த செல்லில் ஒரே ஒரு ஒட்டு போட்டு இழுத்திருந்தால் இத்தனையும் இல்லை, அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அண்ணன் மட்டும், விருந்தாளி வராமல் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருக்கும் என்கிறார். அதுவும் உண்மைதான். முடிந்திருந்தால், அடுத்த பேக்கை ஏதாவது ஒரு திங்கட்கிழமை மாலை கட்டியிருப்பார்.

அடுத்த பேக் இப்போது வந்துவிட்டது. பால் ஊற்றுகிறவர் தன் சைக்கிளுக்கும் ஒன்று கட்டித் தரச் சொல்கிறார், 48 வோல்ட், 13 வரிசை. அடுத்தவர் சைக்கிளுக்குக் கட்டுவதானால் ஞாயிறை நம்பிக் கட்ட முடியாது என்று அண்ணனே சொல்லிவிட்டார். ஜூல் அளக்கிற கருவிக்குச் செலவை எப்படிப் பிரிப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.